நான் வாசிக்காமல் விட்ட வரி

பர்மாவில் நிலம் நடுங்கி ஒரு கிழமை கழித்து, கொட்டாஞ்சேனையில் ஒரு கத்தோலிக்கக் கோயிலின் பங்கு மண்டபத்தில் முப்பது பேருக்கு முன்னால் நின்று நான் ஒரு கடிதத்தை வாசித்தேன். நான் அந்தப் பங்கைச் சேர்ந்தவள் இல்லை. வெள்ளவத்தையில், காலையில் பிள்ளையார் படத்துக்கு விளக்கேற்றுகிற வீட்டுப் பிள்ளை. கோட்டையில், கப்பலில் சரக்கு அனுப்பும் ஒரு கம்பனியில் வேலை. பத்திரங்கள் தயாரிப்பது என் பொறுப்பு. பக்கத்து மேசைத் தோழி ஒருநாள், "எங்கட கோயில் ஆக்கள் பர்மாவுக்குச் சாமான் சேர்க்கினம், ஆனா அனுப்புற விசயம் ஒருத்தருக்கும் தெரியாது" என்றாள். அவள் சொல்லி முடிப்பதற்குள் நான் வாறன் என்றுவிட்டேன். எனக்கு அந்தப் பழக்கம் உண்டு.

இரண்டே நாளில் இடம் பிடித்தும் கொடுத்தேன். எங்கள் வாடிக்கையாளர் ஒருவர், ரங்கூனுக்குப் போகும் தன் கொள்கலனில் பாதி இடத்தை இலவசமாகத் தந்தார். அங்கே சாமான்களைப் பொறுப்பேற்கும் நிவாரண அமைப்பு ஏழு விதிகளைக் கடிதமாக அனுப்பியிருந்தது. அதைத்தான் மண்டபத்தில் வரிவரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன்.

ஆறாவது வரிக்கு வந்தபோது தலையை நிமிர்த்தினேன். எதிர்ச் சுவரில் கையில் குழந்தை யேசுவோடு அந்தோனியார் நின்றார். மதமோ அரசியலோ சார்ந்த அச்சுப் பொருள் எதுவும் பெட்டிகளுக்குள் இருக்கக்கூடாது, ஒன்று அகப்பட்டாலும் முழுக் கொள்கலனும் மறிக்கப்படும் என்றது அந்த வரி. ஒரு சைவப் பிள்ளை வந்து, இவர்களுடைய மண்டபத்திலேயே நின்று, உங்கள் சாமி படம் வேண்டாம் என்று சொல்வதா? சவர்க்காரப் பெட்டிக்குள் அதை யார் வைக்கப் போகிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஏழாவதுக்குத் தாவினேன். கண்ணாடிப் போத்தல் கூடாது என்பது ஏழாவது. அதை இரண்டு தரம் வாசித்தேன்.

பெட்டி கட்டும் வேலை முழுவதும் ஒரு அன்ரியின் கையில் இருந்தது. ஐம்பத்தைந்து வயதிருக்கும். பதினொரு வருடம் குவைத்தில் வீட்டு வேலை செய்துவிட்டுத் திரும்பியவர். எதை அடியில் வைத்தால் எது நசுங்காது என்று பார்த்தவுடனேயே சொல்வார். நான் வேலை முடிந்து பின்னேரம் போய்ச் சேர்ந்தால், "வெள்ளவத்த மகள் வந்திட்டா, வழிய விடுங்க" என்று குரல் கொடுப்பார். "இந்தப் பிள்ள நடக்காது, ஓடுறதுதான். ஒருநாளைக்குப் பெட்டியில தடக்கி, பெட்டியோட பெட்டியா பர்மாவுக்கே போயிரும்."

எல்லோரும் சிரிப்பார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

சாமான் ஏற்றுகிற வெள்ளிக்கிழமை அரைநாள் லீவு எடுத்துக்கொண்டு ஒரு மணிக்கு மண்டபத்துக்கு வந்தேன். இருநூற்றுப் பதினான்கு பெட்டிகள் டேப் ஒட்டி, இலக்கமிட்டு அடுக்கியிருந்தன. மூன்று மணிக்கு லொறி வரும். ஒருகொடவத்தைக் களஞ்சியத்தில் ஐந்து மணிக்குக் கொள்கலனைப் பூட்டிவிடுவார்கள். அன்ரி, இன்னும் இரண்டு பெண்கள், துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்ற ஒரு அங்கிள், இவ்வளவு பேர்தான் அன்று பகல் அங்கே இருந்தோம்.

நான் அவசரத்தில் ஒரு பெட்டியை மூலையில் பிடித்துத் தூக்க, அடி பிரிந்தது. பிஸ்கட்டும் சவர்க்காரமும் கொட்டின. அவற்றோடு உள்ளங்கையளவு அட்டை ஒன்று விழுந்தது. அந்தோனியார் படம். பின்பக்கத்தில் தமிழில் ஒரு செபம்.

"அன்ரி, இது தவறி உள்ள போயிட்டுது போல."

"தவறியில்ல மகள், நான்தான் வச்சன். வெளிநாடு போற பெட்டி எண்டா ஒண்டு வைக்கத்தானே வேணும். நான் குவைத்துக்குப் போகக்குள்ள என்ட பேக்கிலயும் வச்சுத்தான் அனுப்பினாங்க."

"இதில மட்டுமா?"

"எல்லாத்திலயும்" என்றார். முகத்தில் பெருமை இருந்தது.

கைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்தேன். ஆறாவது வரியை அப்போதுதான் அவர்களுக்கு வாசித்துக் காட்டினேன்.

அங்கிள்தான் முதலில் கதைத்தார். "விடு பிள்ள. முப்பது வருசம் துறைமுகத்தில இருந்தவன் சொல்றன். ஒவ்வொரு பெட்டியா உடைச்சு ஆர் பாக்கப் போறான்?"

ஓம், ஏற்றுவோம் என்று சொல்ல வாய் உன்னியது. ஆனால் அகப்பட்டால் மறிபடுவது எங்கள் சாமான் மட்டுமில்லை. இடம் தந்த மனிதரின் சரக்கும் சேர்ந்துதான் நிற்கும். பெட்டிகளில் அப்படி ஒன்றும் இல்லை என்ற உறுதிப் பத்திரத்தில் கையெழுத்து வைக்க வேண்டியவளும் நான். இதைச் சொன்னேன்.

அன்ரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "இந்தக் கடிதம் உங்களுக்கு எப்ப வந்தது, மிஸ்?"

அதுவரை அவர் என்னை மிஸ் என்று கூப்பிட்டதில்லை.

"முதல் கூட்டத்துக்கு முதலே."

"அண்டைக்கு வாசிச்சீங்கதானே."

"இந்த வரிய வாசிக்கேல்ல. உங்களுக்கு மனம் நோகும் எண்டு நினைச்சன்."

அவர் கத்தியை எடுத்து முதல் பெட்டியின் டேப்பைக் கீறினார்.

ஐந்து பேரும் திறந்தோம். மேலே வைத்த அட்டை மேலேயே இருக்கும் என்று நான் நினைத்தது பிழை. தூக்கி அடுக்கியதில் சில நழுவி நுளம்புவலைகளுக்கு நடுவே போயிருந்தன, சில அடிவரைக்கும். ஒரு பெட்டிக்கு மூன்று நிமிடம் என்று கணக்குப் போட்டேன். சிலதுக்குப் பத்து நிமிடம் பிடித்தது. பிறகு திரும்ப அடுக்கி, டேப் ஒட்டி, இலக்கம் எழுத வேண்டும். எடுத்த அட்டைகளை அன்ரி தன் மடியில் சேர்த்தார்.

லொறி மூன்று மணிக்கே வந்துவிட்டது. டிரைவர் வாசலில் நின்று, "நங்கி, தவ கீயத?" என்றார் சிங்களத்தில்; இன்னும் எத்தனை இருக்கிறதென்று கேட்டார். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டு, முடிந்த பெட்டிகளைத் தானே தூக்கி ஏற்றத் தொடங்கினார்.

நான்கு மணி ஆனது. இனியும் நின்றால் ஒன்றுமே போகாது. நூற்றைம்பத்தொரு பெட்டிகள் லொறியில் இருந்தன. அறுபத்துமூன்று தரையில். பாரம் கூடிய பெட்டிகளைச் சுவரோரம் அடுக்கியிருந்தபடியால் அவை கடைசியில் நின்றுவிட்டன. குழந்தைகளுக்கான பால்மா அதிகமும் அவற்றில்தான்.

"இதையும் ஏத்துவம். இவ்வளவத்தையும் துப்புரவாக்கிட்டம், இதில என்ன வரப்போகுது" என்றார் அங்கிள்.

"ஏலாது அங்கிள்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. திருப்பிச் சொன்னேன். பொருட்பட்டியலில் அறுபத்துமூன்று வரிகளை வெட்டி, உறுதிப் பத்திரத்தில் கையெழுத்து வைத்து டிரைவரிடம் கொடுத்தேன். அங்கிளும் அவருடன் ஏறிப் போனார்.

லொறி ஒழுங்கையால் திரும்பிய பிறகுதான் அன்ரி வாய் திறந்தார். கோபமாகச் சொல்லவில்லை.

"முதல் நாளே சொல்லியிருந்தா நான் வச்சிருக்கமாட்டன். குவைத்தில பதினொரு வருசம் செபமாலைய தலகணி உறைக்குள்ள ஒளிச்சு வச்சுப் படுத்தவ நான். எதை எங்க காட்டக்கூடாது எண்டு எனக்குத் தெரியும் பிள்ள. நீங்கதான் எங்களுக்கு விளங்காது எண்டு நினைச்சிட்டீங்க."

அப்படி நினைக்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். நினைத்திருந்தேன்தான். மரியாதை என்று பெயர் வைத்து அதைத்தான் நினைத்திருந்தேன்.

அவர் அடுத்த பெட்டியை இழுத்தார். "மிச்சத்துக்கு எப்ப கப்பல்?"

கேட்டுப் பார்க்கிறேன் என்பது நுனி நாக்கில் நின்றது. "இல்ல அன்ரி" என்றேன். "எங்கட வாடிக்கையாளர் இந்த ஒரு தரத்துக்குத்தான் இடம் தந்தவர். வேற ஆரும் இப்ப என்னட்ட இல்ல."

அன்ரி கீறுவதை நிறுத்தவில்லை. மற்ற இரண்டு பெண்களும் மறுபக்கம் உட்கார்ந்தார்கள். நானும் ஒரு பெட்டியைத் திறந்தேன். பால்மா. அட்டையைத் தேடி ஒரு பைக்கற்றைத் திருப்பினேன். பின்புறத்தில் காலாவதித் திகதி அடித்திருந்தது. இன்னும் ஐந்து மாதம்.