உனாய்சிக்கு விடை கொடுத்தவர்கள்

கடல் அட்டைக் குஞ்சுக்குக் கண்ணும் கிடையாது காதும் கிடையாது. ஆனாலும் உனாய்சி வந்தால் அதற்குத் தெரிந்துவிடும் என்று நான் கேலி செய்வேன். சுவா நகரத்தில் எங்கள் கடல் ஆய்வுக்கூடத்தில் அவள் மூன்று வருஷம் மாணவ உதவியாளர். ஞாயிற்றுக்கிழமைகூட ஆராதனைக்குப் போகிற வெள்ளை உடுப்போடு வந்து, தொட்டிகளுக்குப் பாசித் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் ஓடுவாள். புயலில் கரண்ட் போன அன்று பகல் முழுக்க வாளியால் மொண்டு மொண்டு ஊற்றியே நாலாயிரம் குஞ்சுகளைக் காப்பாற்றினாள். ஆய்வுக்கூடத் தலைவர் டாக்டர் செவனாயா அதை மாநாட்டில் சொல்லிக் கைதட்டல் வாங்கினார்.

நான் விலிகேசா, தொட்டிகளைப் பார்த்துக்கொள்கிற ஆள். அவள் தீவும் என் தீவும் கேலி முறை. அவள் என் மரவள்ளியைக் கேட்காமல் எடுத்துத் தின்னலாம், நான் அவள் குலத்தையே வம்புக்கு இழுக்கலாம். யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது.

அவள் தீவிலேயே மீன்வளத்துறை ஒரு குஞ்சுப் பண்ணை திறந்தது. பொறுப்பாளர் வேலை ஒன்றே ஒன்று. அதற்குத்தான் இத்தனை வருஷம் படித்தாள். விண்ணப்பம் போட்டாள். படிப்பு முடிந்து போகப்போவதாக டாக்டரிடம் இரண்டு மாதம் முன்னாலேயே சொன்னாள். புதுப் பெண்ணுக்கு ஒரு மாதம் வேலை பழக்கினாள், தொட்டிக்குத் தொட்டி சீட்டு ஒட்டினாள், சாவியை ஒப்படைத்தாள். டாக்டர் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

"மச்சான், அவர்கிட்ட ஒரு சிபாரிசுக் கடுதாசி முதல்லயே வாங்கிடவா?" என்று கேட்டாள்.

"யங்கோனா வேர் வைச்சு மன்னிப்பும் விடையும் கேக்கப் போற. அந்தக் கையால காகிதமும் கேப்பியா? உங்க ஊர்ல வெக்கமே விளையாதா?"

"விளைஞ்சதை எல்லாம் உங்க ஊர்க்காரங்க திருடித் தின்னுட்டாங்களே."

சிரித்தாள். ஆனால் கேட்டுக்கொண்டாள். கடுதாசி கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் பாய் விரித்து எல்லோரும் உட்கார்ந்தோம். விடை கேட்பவளுக்காக இன்னொருவர்தான் பேச வேண்டும், நான் பேசினேன். யங்கோனா வேர்க்கட்டை டாக்டர் முன்னால் வைத்து, இந்தப் பெண் ஏதாவது குறை வைத்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், மனத்தில் ஒன்றும் வைக்காமல் அனுப்புங்கள் என்று முறைப்படி கேட்டேன். அவர் வேரைத் தொட்டார், ஏற்றுக்கொண்டதாகக் கை தட்டினார். இவள் என் மகள், எல்லாம் மறந்தாயிற்று என்றார். வேரை இடித்துக் கரைத்த பானத்தில் முதல் சிரட்டையை அவரே குடித்தார். வேரைத் தொட்டபின் எங்களில் யாரும் பழையதைக் கிளறுவதில்லை. உனாய்சி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மூன்று வாரம் கழித்து, தண்ணீர் அளவுச் சீட்டைக் கொடுக்க அவர் அறைக்குப் போனேன். மீன்வளத்துறையிலிருந்து வந்த போனில் இருந்தார். உட்காரச் சொல்லிக் கைகாட்டினார்.

"உனாய்சியா? கெட்டிக்காரிதான். ஆனா பாதியில விட்டுட்டுப் போற ரகம். இங்க அப்படித்தான் பண்ணினா. நீங்க பாத்துக்குங்க" என்றார்.

போனை வைத்தவர் என் முகத்தைப் பார்த்தார்.

"மன்னிச்சது மன்னிச்சதுதான், விலிகேசா. அதுக்காக ஊர்ல போய் அவ புகழ் பாடுறேன்னு சொன்னேனா?"

பாதியிலா போனாள்? மூன்று வருஷம் முடித்து, ஆளும் பழக்கிவிட்டுப் போனவள் அவள். துரோகி, வேரைத் தொட்ட கைதானே இது என்று தொண்டை வரை வந்தது. என் ஒப்பந்தம் மார்ச்சில் முடிகிறது, புதுப்பிக்கிற கையெழுத்து அவருடையது. சீட்டை மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

வேலை வேறு ஒருவனுக்குப் போயிற்று. துறையில் இருந்த அவள் சொந்தக்காரன் ஒருவன் டாக்டர் சொன்னதைச் சொல்லிவிட்டானாம். உனாய்சி எனக்குப் போன் செய்தாள். கேலி எதுவும் இல்லை.

"அவர் அதைச் சொன்னப்போ நீ எங்க இருந்த?"

பொய் சொல்ல நா எழவில்லை. அறையில்தான் இருந்தேன் என்றேன்.

"என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல."



"சரிங்க, விலிகேசா" என்றாள். எப்போதும் மச்சான் என்பவள் வாயில் என் பெயரை அன்றைக்குத்தான் முதல் தடவை கேட்டேன்.