மொட்டைமாடியில் ஒரு காது

விமானத்தில்கூட ஏறியிராத ஃபிரிட்ஜ் மெக்கானிக், தன் மாடி ஆன்டெனாவை இணையத்தில் ஊர் உலகத்துக்கே பொதுவாக விட்டிருந்தார். எந்த நாட்டு மாணவர்கள் செய்த செயற்கைக்கோள் தலைக்கு மேல் போனாலும், அது தானாகத் திரும்பி, சிக்னலைப் பிடித்து அவர்களுக்கு அனுப்பிவிடும்.

"வேலையத்த வேலை! துணி காயப்போட இடமில்ல," என்பாள் மனைவி.

மூன்று வாரமாகப் பேச்சுமூச்சில்லாத செயற்கைக்கோள் ஒன்றின் குரல் ஒருநாள் அதில் சிக்கியது. முகம் தெரியாத பிள்ளைகள் எழுதியிருந்ததை அவளுக்கு வாசித்துக் காட்டினார்: "செத்துப்போச்சுன்னு அழுதோம். உங்க மாடியிலதான் வாய் திறந்திருக்கு."

மறுநாள் காலை மாடியேறினார். ஆன்டெனா வானத்தைத் துழாவிக்கொண்டு மெல்லத் திரும்பியது. பக்கத்தில் அவள், தோளில் ஈரப் போர்வை சொட்டச் சொட்ட, அசையாமல் நின்றாள்.

"என்னடி ஆச்சு?"

"உஷ்! அது கேட்டுக்கிட்டிருக்கு."