ஏயில் ஊர்க் கருவாடு

சோமாலியாவில் ஏயில் என்ற ஊரின் கடற்கரையில் நிற்கிறேன். கப்பல் கடத்துகிற கொள்ளைக்காரன் ஊர் என்று உலகம் முழுக்கப் பேர். எனக்குப் பின்னால் துப்பாக்கியோடு இரண்டு காவல்காரன். நான் மலேசியாவில் நியாலாஸ் ரப்பர் தோட்டத்துப் பள்ளியில் மூணாம் வகுப்போடு நின்றவன். இன்றைக்கு மலாக்கா பசாரில் என் கருவாட்டுக் கடையைத் தெரியாதவன் கிடையாது. நல்ல சரக்கு என்றால் நரகத்துக்கும் போவேன்.

இங்கே சரக்கு தங்கம். தெங்கிரி என்கிற வஞ்சிர மீனைப் பிளந்து, உப்புப் போட்டு, பாறையில் காய வைத்திருக்கிறார்கள். விற்கிறவள் ஆமினா. கோலாலம்பூரில் அஞ்சு வருஷம் இருந்தவள், மலாய் பேசுகிறாள்; என்னைப் பாக்சிக், மாமா என்று கூப்பிடுகிறாள். பேரம் முடிந்து பெட்டி கட்டும்போது, என்னோடு வந்த ஏஜென்ட் குமார் மார்க்கர் பேனாவை நீட்டுகிறான்.

"வேற துறைமுகம் பேரு எழுதிடலாம் பாஸ். இந்தப் பேரைப் பார்த்தா ஒருத்தனும் வாங்க மாட்டான்."

அதை நான் மலாயில் சொன்னதும் ஆமினா ஒரு பெட்டிமேல் உட்கார்ந்துவிடுகிறாள்.

"எல்லாரும் அப்படித்தான் கொண்டு போறாங்க, பாக்சிக். இது என் புருஷன் பிடிச்ச மீன். கப்பலைப் பிடிச்சவன் எவனோ. எங்க ஊர் பேரு இல்லாட்டி மீன் இல்லை லா."

"நஷ்டம் உனக்குத்தாம்மா" என்கிறேன்.

"இருக்கட்டும். நாங்களே தின்னுக்கிறோம்."

இந்தத் திமிர் எனக்குப் பிடித்திருக்கிறது. பேனாவைப் பிடுங்கி, எனக்குத் தெரிந்த தமிழில், பக்கத்துப் பெட்டியில் கொட்டையாக எழுதுகிறேன்: ஏயில் கருவாடு. விரல் வைத்துப் படித்துக் காட்டிய பிறகுதான் ஆமினா எழுந்திருக்கிறாள்.

"விக்காது பாஸ்" என்கிறான் குமார்.

"விக்கிறவன் நான்டா. வாங்க மாட்டேன்னு சொல்றவன் என் கடைக்கு வந்து, என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லட்டும்."