சென்டர் பார்வர்டின் இடது முட்டி

ஒரு ஆளைக் கொடுத்து இரண்டு ஆள் கேட்கலாமா, அந்த ஆள் அவ்வளவு பெறுவாரா என்று எழுதித் தரும்படி மானேஜர் என்னிடம் சொன்னபோது எனக்கு இருபத்திரண்டு வயது. சமஸ்தானம் போய்ச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. புதுக்கோட்டைக்கு வெளியே இருந்த ஒரு பஞ்சு மில்லில் நான் டைம் ஆபீஸ் குமாஸ்தா. வேலைக்கு வருகிறவர்களின் பெயருக்கு நேரே வந்த நேரமும் போன நேரமும் குறிப்பேன். அதோடு மில் ஹாக்கி டீமுக்குக் காரியதரிசி என்ற பட்டமும் எனக்கு இருந்தது. மட்டைகளைப் பூட்டி வைப்பது, ஆட்டத்தன்று எலுமிச்சம்பழம் வாங்குவது, வெளியூர் டீம்களுக்குக் கடிதம் எழுதுவது, அவ்வளவுதான் அந்தப் பட்டம். நான் ஒருநாளும் மட்டை பிடித்து ஆடியவன் இல்லை.

அந்த ஆள் எங்கள் சென்டர் பார்வர்ட். ஆவூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். சின்ன வயதில் பனைமட்டையைச் சீவி வைத்துக்கொண்டு ஆடிப் பழகியவர். மில்லில் அவருக்கும் டைம் ஆபீஸ்தான், எனக்கு அடுத்த நாற்காலி. ஆனால் அந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது குறைவு. ஹாக்கிக்காகவே எடுத்த ஆள். டெம்பரரி. ஒவ்வொரு சீசன் முடிவிலும் அவர் பெயரைப் புதுப்பிக்க வேண்டும். மற்றவர்கள் பந்தைத் துரத்துவார்கள். இவர் பந்து வரப்போகிற இடத்துக்கு முன்னாலேயே போய், பஸ்ஸுக்கு நிற்கிறவர் மாதிரி நின்றுகொண்டிருப்பார். பந்தும் அங்கேயே வரும்.

அந்த வருஷம் திருச்சிக்காரர்களோடு நடந்த ஆட்டத்தில், ஓடிக்கொண்டே வலப்பக்கம் திரும்பியவர் யாரும் தொடாமலே விழுந்தார். எங்கள் மைதானம் சரளைக்கல் செம்மண். வழுக்கியிருக்கும் என்று எல்லோரும் நினைத்தோம். இடது முட்டி பூசணிக்காயாக வீங்கிவிட்டது. கட்டுப் போடுகிற வைத்தியர் உளுந்துமாவும் முட்டை வெள்ளையும் குழைத்துக் கட்டினார். ஒன்றரை மாதம் கழித்து நடந்தார், பிறகு ஓடினார். முட்டி சரியாகிவிட்டது என்று டீம் முழுவதும் நம்பியது.

மதுரைப் பக்கத்து மில் ஒன்றிலிருந்து கடிதம் வந்தது அப்போதுதான். எங்கள் சென்டர் பார்வர்டைக் கொடுத்தால் அவர்கள் இரண்டு ஆள் தருவதாக எழுதியிருந்தார்கள். ஒருவர் நூல் நூற்கிற ரிங் பிரேம் யந்திரங்களைப் பழுது பார்க்கிற பிட்டர், ஆட்டத்தில் பின்னால் நின்று தடுக்கிற புல்பேக். இன்னொருவர் லெப்ட் விங்கர். மில்களுக்குள் இப்படி ஆள் மாற்றிக்கொள்வது அன்று வழக்கம். எங்கள் பழைய பிட்டர் வேலையை விட்டுப் போய், இரண்டு ரிங் பிரேம் ஓடாமல் நின்றுகொண்டிருந்த சமயம் அது. மானேஜருக்குக் கடிதம் தேன் மாதிரி இனித்தது.

"ரெண்டு ஆளு தர்றேன்னு அவங்களே சொல்றாங்க. இவன் அதுக்குப் பெறுவான்னு நீர் ஒரு ரிப்போர்ட் எழுதும். முதலாளிக்குக் காட்டணும். நல்லா எழுதும்" என்றார்.

நல்லா எழுதும் என்றால் என்ன அர்த்தம் என்று மற்ற குமாஸ்தாக்களுக்குத் தெரிந்திருக்கும். எனக்குத் தெரியவில்லை. காரணம் இருக்கிறது.

எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் பள்ளிக்கூடம் போனதில்லை. அப்பா இலுப்பூர்ப் பக்கம் சந்தைகளில் மாட்டுத் தரகர். தரகர் என்றால் விற்கிறவருக்கும் ஆள், வாங்குகிறவருக்கும் ஆள். மாட்டின் குறை நிறையை இருவரிடமும் ஒரே மாதிரிதான் சொல்ல வேண்டும். ஆளுக்கொரு பேச்சுப் பேசினால் மறுவாரம் சந்தையில் யாரும் கூப்பிடமாட்டார்கள். ஒன்றின் மதிப்பைச் சொல்வது என்றால் எனக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

ஆகவே ஒரு வாரம் அவரைப் பார்த்தேன். மாட்டைப் பார்க்கிற மாதிரியே பார்த்தேன் என்பதை இப்போது ஒத்துக்கொள்கிறேன். எங்கள் பக்கம் ஏர் உழும்போது மாடு இடப்பக்கமாகவே திரும்பித் திரும்பிப் பழகியிருக்கும். கால் சரியில்லாத மாட்டை விற்க வந்தவன் இடப்பக்கமாகவே சுற்றிக் காட்டுவான். விவரம் தெரிந்தவன் வந்தால், "வலத்துக்குத் திருப்புங்க" என்பான். அங்கே தெரிந்துவிடும்.

வார முடிவில் அவரே என்னை டீக்கடைக்கு அழைத்துப்போனார்.

"என்ன தம்பி, ஒரு வாரமா என் காலையே பாத்துக்கிட்டிருக்கே. செருப்பு கிருப்பு வாங்கித் தரப் போறியா?"

"இல்லண்ணே..."

"மானேஜர் கேட்டாராக்கும், நான் ரெண்டு ஆளு பெறுவேனான்னு. என்ன முடிவு பண்ணே?"

எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. "பஸ்ஸுல எறங்கும்போது எடது காலைத்தான் மொதல்ல வைக்கிறீங்க. ஏறும்போது வலது காலு. ஆபீஸ் படியிலயும் அப்படித்தான், பாரம் தாங்குறது எப்பவும் வலதுதான். ஆட்டத்துல வலப்பக்கம் திரும்பவே மாட்டேங்கிறீங்க. பந்து வலத்தால போனா ஒரு வட்டம் போட்டு எடப்பக்கமாவே வர்றீங்க."

அவர் டீயை முழுக்கக் குடித்துவிட்டு டம்ளரை வைத்தார். "கூடப் பத்துப் பேரு ஆடுறான். ஒருத்தனுக்கும் தெரியல."

"அவங்க யாரும் மாட்டுச் சந்தையில வளரலண்ணே."

சிரித்துவிட்டார். சிரிப்பு அடங்கியதும் குரலும் அடங்கியது.

"எழுதாதப்பா. அங்கிட்டுப் போனா மொத நாளே பெர்மனெண்ட் லெட்டர் தர்றேங்கிறாங்க. இங்கிட்டு இருந்தா இந்த சீசனோட என் பேரை அடிச்சிருவாங்க. ஒன் கையாலதான் அடிக்கணும், நோட்டு ஒங்கிட்டத்தான இருக்கு. வீட்டுல அவ மாசமா இருக்கா."

"அங்க போய் ரெண்டு ஆட்டத்துல தெரிஞ்சிருமேண்ணே."

"தெரியட்டும். அதுக்குள்ள..." அதற்குள் என்ன என்று அவருக்கும் தெரியவில்லை. டீக்கடைக்காரரிடம் பேச்சை மாற்றினார்.

இரண்டு நாள் எழுதாமல் இருந்தேன். மூன்றாம் நாள் மானேஜர் கேட்டார். எழுதினேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், ஒரு வரியும் மறைக்காமல். இடது காலை ஊன்றி வலப்பக்கம் திரும்ப இயலாது, முன்போல் இரண்டு ஆள் பெறமாட்டார் என்று எழுதினேன். அதோடு நிறுத்த மனசு வரவில்லை. பந்து போகிற இடம் இவருக்கு முன்பே தெரிகிறது. இவர் நின்ற இடத்திலிருந்து சத்தம் போட்டால் மற்றவர்கள் சரியான இடத்துக்கு ஓடுகிறார்கள். முட்டிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆகவே ஒரு நல்ல ஆளுக்கு ஒரு நல்ல ஆள் தாராளமாகக் கேட்கலாம். இப்படி முடித்தேன்.

டைப் அடிக்கும்போது கார்பன் வைத்து இரண்டு பிரதி எடுத்தேன். ஒன்றை மானேஜர் மேஜையில் வைத்தேன். இன்னொன்றை உறையிலிட்டு மதுரைப் பக்கத்து மில்லுக்குத் தபாலில் போட்டேன். ஆபீஸ் கடிதங்களின் அடியில் 'நகல்' என்று போட்டு இன்னொருவருக்கும் அனுப்புவதைப் பார்த்திருந்தேன். வாங்குகிறவருக்கும் ஒரு நகல் போவதுதானே நியாயம் என்று நினைத்தேன். இதில் இரண்டாவது யோசனையே எனக்கு வரவில்லை.

மானேஜர் என் ரிப்போர்ட்டைப் படித்துவிட்டுக் கிழித்தார். வேறு எழுதச் சொல்ல என்னைக் கூப்பிடுவதற்குள் மதுரையிலிருந்து பதில் வந்துவிட்டது. தங்கள் காரியதரிசியின் அறிக்கை கிடைத்தது, மிக்க நன்றி, ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஆள் நேரில் வந்து பார்ப்பார் என்று இருந்தது.

"இது என்னய்யா?"

"நகல் அனுப்பினேன் சார்."

"யாருக்கு?"

"அவங்களுக்குத்தான் சார்."

"ஏன்?"

"அவங்கதானே சார் வாங்குறவங்க."

மானேஜர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னையே பார்த்தார். "உம்மை யாருய்யா படிக்க வச்சது?"

"எங்கப்பா சார்."

"அவரு என்ன பண்றாரு?"

"மாட்டுத் தரகு சார்."

"சரிதான்" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. "ரெண்டு ரிங் பிரேம் நிக்குதய்யா, ரெண்டு ரிங் பிரேம்" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை.

அடுத்த நாற்காலிக்காரரிடம் நானே போய்ச் சொன்னேன். இரண்டு நாள் அவர் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவராகவே வாயைத் திறந்தார்.

"நான் எழுதாதேன்னு சொன்னேன். நீ எழுதி ரெண்டு ஊருக்கு அனுப்பியிருக்கே."

"தப்புதாண்ணே."

"வேற யாருக்காச்சும் அனுப்பணுமா? கலெக்டருக்கு ஒண்ணு போட்டுருவமா?"

நான் தலையைக் குனிந்துகொண்டிருந்தேன். ஆனாலும் மனசில் இருந்ததைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. "எங்க சந்தையில ஒரு வழக்கம்ணே. குறையை மறைச்சு வித்தா, வாங்குனவன் அடுத்த சந்தைக்குள்ள மாட்டைக் கொண்டாந்து திருப்பிக் கட்டிரலாம். குறையைச் சொல்லி, நாலு பேரு முன்னால ஒத்துக்கிட்டு ஓட்டிட்டுப் போனா, அப்புறம் திருப்பவே முடியாது. கயிறு மட்டுந்தான் வித்தவன்கிட்ட வரும், மாடு வராது."

"அப்ப நான் மாடு."

"அய்யய்யோ, இல்லண்ணே."

"கொம்பு ஒண்ணுதான் பாக்கி" என்று எழுந்து போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை மதுரைக்காரர் வந்தார். பெரிய உடம்பு, கையில் குடை, வாய் நிறைய வெற்றிலை. மைதானத்து ஓரத்தில் நாற்காலி போட்டோம். எங்கள் டீம் இரண்டாகப் பிரிந்து ஆடியது. சென்டர் பார்வர்ட் வழக்கம்போல இடப்பக்கமாகவே திரும்பினார். வலத்தால் போன பந்துக்கு வட்டம் போட்டார். மதுரைக்காரர் எதுவும் கேட்கவில்லை. மரியாதைக்காரர். வலப்பக்கம் திரும்பிக் காட்டு என்று ஒரு மனிதரிடம் கேட்க அவருக்குக் கூச்சமாக இருந்திருக்கும். மானேஜர் முகத்தில் நம்பிக்கை வந்துகொண்டிருந்தது. ரிப்போர்ட்டையே பொய்யாக்கிவிடலாம் என்று நினைத்தாரோ என்னவோ.

அப்போது சென்டர் பார்வர்ட் நடு மைதானத்தில் நின்றார். பின்னால் திரும்பி, "வலத்தால குடுறா" என்று கத்தினார். பந்து வந்தது. இடது காலை ஊன்றி, வேண்டுமென்றே, முழுசாக வலப்பக்கம் திரும்பினார்.

கால் நிற்கவில்லை. சரளையில் உட்கார்ந்துவிட்டார். ஆனால் உட்காருவதற்கு முன்னால் பந்து அவர் மட்டையிலிருந்து போயிருந்தது. நாங்கள் யாரும் பார்க்காத இடத்தில் நின்ற விங்கருக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

மட்டையை ஊன்றி எழுந்து, நொண்டிக்கொண்டே நேராக நாற்காலிக்கு வந்தார்.

"பாத்துட்டீங்களா சார்?"

"பாத்தேன்."

"முன்னாடியே எழுத்துலயும் பாத்திருக்கீங்க."

"ஆமா."

"அப்ப பெர்மனெண்ட் லெட்டர்லயும் அதை எழுதணும் சார். முட்டி இப்படின்னு தெரிஞ்சுதான் எடுக்கிறோம், இதைச் சொல்லிப் பின்னால நிறுத்தமாட்டோம்னு. இந்தா, நாலு பேரு நிக்கிறாங்க, அவங்க முன்னால சொல்லுங்க. இல்லாட்டி நான் வரல."

மதுரைக்காரர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "நீங்க சந்தைக்காரரா?"

"நான் இல்ல சார்" என்று என்னைக் காட்டினார்.

மதுரைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நகல் அனுப்புனவரா!" என்றார். பிறகு மானேஜர் பக்கம் திரும்பினார். "ஓடுறதுக்கு எங்ககிட்ட ஆளு இருக்குங்க. எங்க ஓடணும்னு சொல்லத்தான் ஆளு இல்ல. லெட்டர்ல எழுதிடலாம். ஆனா ரெண்டு ஆளு கெடையாது. பிட்டரை மட்டும் தர்றோம்."

"விங்கரும் வேணுமே" என்றார் மானேஜர்.

"அவனுக்கு ரெண்டு முட்டியும் நல்லாருக்குங்களே."

மானேஜர் மைதானத்தைப் பார்த்தார். அவர் கண்ணுக்கு மைதானம் தெரிந்திருக்காது, நின்றுபோன ரிங் பிரேம்தான் தெரிந்திருக்கும். "பிட்டரை எப்ப அனுப்புவீங்க?" என்றார்.

கடிதம் பத்து நாளில் வந்தது. கேட்ட வரி அதில் இருந்தது. நான்தான் எங்கள் பிரதியைக் கோப்பில் வைத்தேன், ஆகவே நன்றாகத் தெரியும். அவர் பெயரையும் நோட்டில் நான்தான் அடித்தேன். 'நிறுத்தம்' என்று எழுதுகிற கட்டத்தில் 'மாற்றம்' என்று எழுதினேன். அவர் பக்கத்தில் நின்று அதை வாசித்துவிட்டுத்தான் போனார். மட்டை மில்லுடையது என்பதால் திருப்பித் தர வேண்டியிருந்தது. என் மேஜைமேல் வைத்தார்.

"இந்தா, கயிறு."

அடுத்த சீசனில் அவர்கள் டீம் புதுக்கோட்டைக்கு ஆட வந்தது. பஸ்ஸிலிருந்து கடைசியாக இறங்கினார். இடது காலை முதலில் வைத்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு. பெண் குழந்தை பிறந்திருப்பதாகச் சொன்னார். அன்று அவர் மைதானத்துக்குள் இறங்கவில்லை. கோட்டுக்கு வெளியே மதுரைக்காரரின் குடையைப் பிடித்துக்கொண்டு, ஆட்டம் முழுக்கக் கத்திக்கொண்டே இருந்தார். பிட்டராக வந்த எங்கள் புது புல்பேக் அவர்களுடைய பழைய ஆட்டத்தையெல்லாம் அறிந்தவர், நன்றாகத்தான் தடுத்தார். ஆனாலும் தோற்றோம். நான் எலுமிச்சம்பழத்தை நறுக்கி இரண்டு டீமுக்கும் கொடுத்தேன்.

"முட்டி எப்படிண்ணே இருக்கு?" என்று கேட்டேன்.

"லெட்டர்ல எழுதியிருக்குல்ல" என்றார், ஒரு துண்டை எடுத்துக்கொண்டே. "அப்படியே இருக்கு."