பேருந்து வராத நாட்கள்

ஒட்டியும் பேசுவேன், வெட்டியும் பேசுவேன். மேடையில் சீட்டு எடுக்கச் சொல்வார்கள். எந்தப் பக்கம் வந்தாலும் ஐந்து நிமிடத்தில் அவையை என் பக்கம் திருப்பிவிடுவேன். மாவட்ட அளவில் வாங்கிய கோப்பைகள் எங்கள் வீட்டு அலமாரியில் இடம் போதாமல் நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. இதை அடக்கமின்றியே சொல்கிறேன். அந்தத் திமிரோடுதான் செஞ்சியில் ஒரு கல்லூரியில் தரவு அறிவியல் இளங்கலையில் சேர்ந்தேன்.

மூன்றாம் ஆண்டில் ஆளுக்கொரு ப்ராஜெக்ட் செய்ய வேண்டும். என் வகுப்பில் பெரும்பாலோர் இணையத்திலிருந்து ஏதோ ஒரு வெளிநாட்டு நகரத்தின் வீட்டு விலைகளை இறக்கிக்கொண்டார்கள். அந்த நகரத்தை அவர்கள் கண்டதில்லை. அந்த வீடுகளில் ஒன்றின் வாசலையும் மிதித்ததில்லை. நான் அதற்கு இணங்கவில்லை. எங்கள் கிராமத்திலிருந்து செஞ்சிக்கு வரும் காலைப் பேருந்து எவ்வளவு தாமதமாகும் என்று முன்கூட்டிச் சொல்லும் கணினி நிரலை எழுதுவேன், அதற்கான தரவையும் நானே திரட்டுவேன் என்று அறிவித்தேன். ஐந்து மாதங்கள் நிறுத்தத்தில் நின்று, பேருந்து வந்த நேரத்தை நோட்டில் குறித்தேன். முடிவு பளிச்சென்று வந்தது: தாமதம் மிகக் குறைவு. ஊரே அந்தப் பேருந்தைத் திட்டிக்கொண்டிருக்க, என் வரைபடமோ அதை நல்ல பிள்ளை என்றது. ஊராரின் நினைவைவிட என் கணக்கே மெய் என்று எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

வாய்மொழித் தேர்வுக்கு முந்தைய நாள் காலை, நிறுத்தத்தில் அதைச் சொல்லியும் விட்டேன். செஞ்சியில் துணிக்கடை வேலைக்குப் போகும் ஓர் அக்கா திரும்பிப் பார்த்தார்.

"போன திங்கக்கெழம பஸ்ஸே வரல. அதுக்கு இன்னா எழுதியிருக்க?"

"வரலன்னா நேரம் ஏதுக்கா? ஒண்ணும் எழுதல."

"அப்ப வந்த நாள மட்டும் எண்ணிக்கினு நல்லா வருதுன்ற. லேட்டா போயி நான் கடையில வாங்கின பேச்செல்லாம் எதுல சேரும்?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் நோட்டை எடுத்துப் புரட்டினேன். பேருந்து வராத நாட்களில் என் நைனாவின் வண்டியில் ஏறிக் கல்லூரிக்குப் போய்விடுவேன். நோட்டு பையிலேயே கிடக்கும். அந்த நாளுக்கு ஒரு வரிகூட இல்லை. எழுதப்படாத நாளை என் நிரல் எப்படி அறியும்?

அன்று பேருந்து வந்தது. உட்கார்ந்ததும் கைபேசியை எடுத்தேன். பேருந்து வராத ஒவ்வொரு முறையும் வகுப்புத் தோழிக்கு ஒரே செய்தியைத்தான் அனுப்பியிருந்தேன்: "பஸ் வரலடி, சார்ட்ட சொல்லிடு." அந்தச் சொற்களைத் தேடினேன். தேதியோடு ஒவ்வொன்றாக வந்து நின்றன. கோட்டை மலை கண்ணில் படுவதற்குள் நோட்டில் ஒரு பக்கம் நிறைந்துவிட்டது.

வழிகாட்டிப் பேராசிரியரிடம் அந்தப் பக்கத்தைக் காட்டினேன். என் அறிக்கை ஏற்கெனவே அச்சாகி, பைண்டிங் முடிந்து அவர் மேசையில் இருந்தது.

"விடும்மா. காலியா இருக்கிற நாள எல்லாருந்தான் தூக்கிடறாங்க. நாளைக்கு வர்ற எக்ஸ்டெர்னலுக்கு உங்க ஊர் பஸ் வந்துதா வரலியான்னு எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியுமே சார்."

"நீதான் பேச்சாளராச்சே. இருக்கிறத வச்சிப் பேசு, ஃபர்ஸ்ட் மார்க் உனக்குத்தான். நீயா போயி ஒளறினா நான் காப்பாத்த முடியாது."

அவர் தீயவரல்லர், என்னை முதலிடத்தில் பார்க்க விரும்பியவர். ஆனால் அவர் கேட்டது, சீட்டு எடுத்துப் பேசும் பேச்சு. மேடையில் எதிரணி என்று ஒன்று இருக்கும். நான் மறைத்ததை எழுந்து உடைக்கும். இங்கே என் எதிரணி துணிக்கடையில் புடவை மடித்துக்கொண்டிருந்தது. தேர்வறையில் அதன் சார்பில் பேச ஒருவரும் வரப்போவதில்லை, என்னைத் தவிர.

மறுநாள் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் முன் நின்று முதல் வாக்கியமாகவே அதைச் சொன்னேன்: "அறிக்கையில் உள்ள முடிவு தவறு, ஐயா. பேருந்து வராத நாட்களை நான் பதியவில்லை." கைப்பட எழுதிய பக்கத்தை நீட்டினேன். பேராசிரியர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டார்.

"அப்ப உங்க மாடல் வேலை செய்யுதா, இல்லையா?"

"பேருந்து வரும் நாளில் செய்யும். வருமா என்பதைச் சொல்லாது."

"மார்க் கொறயுமேம்மா."

"குறையட்டும் ஐயா. அந்த முடிவுக்குக் கீழே என் கையெழுத்து இருக்கிறது."

குறைந்தது. வெளிநாட்டு வீடுகள் முதலிடம் பெற்றன. நான் பட்டியலில் பாதிக்கும் கீழே போனேன். பட்டம் வாங்கும் முன்பே தங்களை டேட்டா சயின்டிஸ்ட் என்று இணையத்தில் எழுதிக்கொண்ட சிலர் என்மீது இரக்கப்பட்டார்கள். அந்தப் பெயரை என் பெயருக்குக் கீழே நானும் அன்றுதான் எழுதினேன். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

தோழிக்கு மட்டும் மனம் ஆறவில்லை. "ரீடோட்டலிங் போடுடி. எங்கியாச்சும் தப்பா கூட்டியிருப்பாங்க."

"வேணாம்டி," என்றேன். "கூட்டல் சரியாத்தான் இருக்குது."