மாடிப்படிக்கு அடியில் ஐந்து பேர்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் அபார்ட்மென்ட்டில் அவசரக் கூட்டம். பெரியவர்கள் கூட்டம் போட்டால் என்ன வரும், பிள்ளைகளே? முதலில் பஜ்ஜி வரும். பிறகு யாராவது ஒருவருக்குத் தலைவலி வரும். இந்தத் தடவை அது வாட்ச்மேன் மல்லேஷுக்கு.

இரண்டாவது மாடிப் பையனுக்கு டெங்கு வந்திருந்தது. (பயப்படாதீர்கள், தேறிவிட்டான். பழையபடி ஜன்னல் கண்ணாடி உடைக்கிறான்.) கொசு எங்கிருந்து வந்தது? அதுதான் கேள்வி.

ஹைதராபாத்தில் எங்கள் அல்வால் பக்கம் தனி வீடு இருந்த இடத்திலெல்லாம் இப்போது ஐந்து மாடி. ஒரு குடும்பம் இருந்த மனையில் இருபது குடும்பம். சாக்கடை மட்டும் அதே பழைய சாக்கடை...

"ஜன நெருக்கடிதான் காரணம்" என்றார் செக்ரட்டரி சுந்தரம் சார். அடடா, நம்மைத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். இல்லை! கார் பார்க்கிங்கில், மாடிப்படிக்கு அடியில் இருக்கும் ஒரே அறையில் மல்லேஷும் மனைவி யாதம்மாவும் மூன்று குழந்தைகளும் இருக்கிறார்களே... அந்த ஐந்து பேரை!

"அஞ்சு பேர் ஒரே ரூம்ல இருந்தா சுத்தம் எங்கேர்ந்து சார் வரும்? இவன் மட்டும் இருக்கட்டும். குடும்பத்தை ஊருக்கு அனுப்பச் சொல்லுங்க."

மல்லேஷின் பெரிய பெண் ஸ்வாதி, என் மகளின் கூட்டாளி. பக்கத்துப் பள்ளியில் ஐந்தாவது. ஊருக்கு அனுப்பினால் அவள் படிப்பு? மல்லேஷ் கைகட்டி நின்றார். எனக்குப் பொறுக்கவில்லை.

"கொசு அங்கதான் இருக்குன்னு யார் சார் பாத்தா?"

"ஆதாரம் கேக்குறீங்களா? வாங்க!"

செல்போன் டார்ச்சோடு முன்னால் போனார் செக்ரட்டரி. பின்னால் நாங்கள், பஜ்ஜியோடு. அறைக்குள் குனிந்தார், மூலையில் எட்டிப் பார்த்தார், 'க்ளிக்'! அடுத்த நிமிடம் வாட்ஸ்அப் குரூப்பில் படம். தேங்கிய தண்ணீர். அதில் நெளியும் புழுக்கள். கூட்டமே "ச்சீ!" என்றது.

"பாத்தீங்களா! எவ்வளவு அழுக்கா வச்சிருக்காங்க!"

யாதம்மா மெதுவாகச் சொன்னார்: "சார், அதி மீ கூலரே..."

உங்கள் கூலர்தான் என்கிறார்! தண்ணீர் தேங்கிய கூலரின் பக்கவாட்டில் பெயின்ட்டில் பெரிதாக எழுதியிருந்தது: 301. செக்ரட்டரியின் வீட்டு எண்.

ஹைதராபாத்தில் கோடைக்கு வீட்டுக்கு வீடு ஏர் கூலர் வேண்டும். மழை வந்ததும் அது வேண்டாத சாமான். எங்கே போடுவது? மாடிப்படி அடியில்! அந்த அறையில் பாதி இடம் எங்கள் கூலர்களுக்கு. மீதியில் ஐந்து பேர். சாரல் அடித்துத் தண்ணீர் சேர்ந்திருக்கிறது.

"தண்ணியைக் கொட்ட வேண்டியதுதானே?" என்று பாய்ந்தார் செக்ரட்டரி.

"ஹாத் நக்கோ லகாவ்னு நீங்கதானே சார் திட்டினீங்க?" என்றார் மல்லேஷ். போன வருஷம் கூலரைத் துடைக்கப்போய் அதன் ஸ்விட்ச் குமிழ் உடைந்ததாம். அதிலிருந்து கை வைக்கக் கூடாது என்று உத்தரவு.

கூட்டம் மிச்சமிருந்த பஜ்ஜியைத் தின்று முடித்தது. பிறகு தீர்மானம் வந்தது. மல்லேஷ் குடும்பம் இங்கேயே இருக்கலாம். ஆனால், எல்லா வீட்டுக் கூலரையும் வாராவாரம் அவர்கள்தான் கழுவ வேண்டும்! படபடவென்று கைகள் உயர்ந்தன.

நானும் மகளும் எங்கள் கூலரை மேலே தூக்கி வந்துவிட்டோம்.

"ஹாலே போச்சு, டாடி!"

"போகட்டும்டா. அது நம்ம சாமான்."

மற்ற கூலர்கள்? மாடிப்படிக்கு அடியில் சௌக்கியமாகக் குடியிருக்கின்றன... அவற்றை ஊருக்கு அனுப்பச் சொல்லி இதுவரை யாரும் கூட்டம் போடவில்லை!