சுவரில் மாட்டிய துவக்கு

நான் டென்மார்க்கில், ஹேர்னிங் நகரத்தில் ஒரு நெசவு ஆலையில் வேலை செய்கிறேன். என் மனைவி கொழும்பில் ஒரு லொட்ஜில் தங்கி, இங்கு வர விசாவுக்காகக் காத்திருக்கிறாள். அந்த விசா வழக்கு இழுபடுகிறது.

சென்ற கோடையில், கூட வேலை செய்யும் டெனிஷ்காரர் ஒருவர் என்னை ஏலத்துக்குக் கூட்டிச் சென்றார். பழைய துவக்குகள், அந்தக் காலத்துத் துப்பாக்கிகள், வருடா வருடம் விலை ஏறும் என்றார். சுடாத, லைசென்ஸ் வேண்டாத ஒரு துவக்கை வாங்கிச் சுவரில் மாட்டினேன்.

எது வாங்கினாலும் அதன் பக்கத்தில் நின்று படமெடுத்து ஊரில் உள்ள வீட்டாருக்கு அனுப்புவது இங்குள்ள எங்கள் ஆட்களின் வழக்கம். நானும் துவக்கோடு நின்று எடுத்து மனைவிக்கு அனுப்பினேன்.

பிறகு மனைவி தொலைபேசியில் அழுதாள்.

“லொட்ஜைச் செக் பண்ணப் பொலிஸ் வந்தது. படத்தைக் கிழிச்சு வாய்க்குள்ளை போட்டு விழுங்கிட்டன். உங்கடை முகமும் அதோடை போச்சு.”

“அது சுடாதப்பா,” என்றேன்.

“அது எனக்குத் தெரியும். துவக்கோடை ஒரு தமிழன்ரை படத்தைக் கண்டா புலியெண்டுதானே பிடிப்பாங்கள், அவங்களுக்கு ஆர் சொல்லுறது?”

துவக்கு வாங்குவது லாபமா என்று இங்கே சிலர் என்னைக் கேட்கிறார்கள். டெனிஷ்காரருக்கு லாபமாக இருக்கலாம். நான் அதை வந்த விலைக்கு விற்றுவிட்டேன். இப்போதெல்லாம் வெறும் சுவருக்கு முன்னால் நின்றுதான் அவளுக்குப் படம் எடுத்து அனுப்புகிறேன்.